பேரிக்காட்டுக்குப் பனிமேல் ஒரு பாதை

துரைக்கொம்பையில் பனி கெட்டியாகிப்போனது ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில்; அதை முதலில் தெரிந்துகொண்டது பீர்முகமதுவின் குதிரைதான். வெள்ளைக்காரி மேடை என்று அந்த ஊரில் சொல்லப்படும் பாறை விளிம்பில், கம்பிவேலி பெயர்ந்துகிடந்த இடத்தின் வழியாக அது பாட்டுக்கு நடந்துபோய், கீழே பார்த்தால் தலைசுற்றும் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில், அந்தப் பள்ளத்தை வாய்வரை நிரப்பிக்கொண்டு நின்ற வெண்பனியின் மேல், ஏதோ மேய்ச்சலுக்கு வந்த மாதிரி தலையைக் குனிந்து நின்றது. "ஏய் ராணி, எங்கடி போற" என்று திட்டிக்கொண்டே பீர்முகமது பின்னால் போய், கயிற்றைப் பிடித்து இழுத்துவந்து, கம்பத்தில் கட்டி, டீக்கடையில் பாதி டீ குடித்த பிறகுதான் எங்கே நடந்துவிட்டு வந்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

"பனி மேல நடந்துட்டேன்பா" என்றார்.

"குதிரைக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?" என்று கேட்டார்கள்.

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. காலு லேசா அமுங்குது. ஊறவச்ச அவல் மேல நடக்கிற மாதிரி."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய் ஒரு காலை வைத்துப் பார்த்தார், அப்புறம் மறுகாலையும் வைத்தார், திரும்பி வந்து ஆமாம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் டீ ஆற்றத் தொடங்கினார். அந்த ஊர் அப்படித்தான். கோடைக்கு மலையேறி வந்த துரை ஒருவன் தன் நாட்டில் இருப்பதுபோல ஓர் ஏரி வேண்டும் என்று ஓடையை மறித்துக் கட்டிய ஊர் அது. அவன் மனைவி தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிர்மலையைப் படம் வரைந்துகொண்டிருந்த பாறைக்கு அவள் போனபிறகும் வெள்ளைக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்ட ஊர்; வியாகுலமாதா கோயில் மணியை ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிக் காட்டுவழியே சுமந்து ஏற்றிய ஊர். துரைகள் போய், சினிமாக்காரர்கள் வந்து, அவர்களும் போய், வேறொரு மலைக்கு நல்ல ரோடு போட்ட பிறகு யாருமே வராமல் ஏரியில் படகுகள் பாசிபிடித்துக் கிடந்ததையும் பார்த்த ஊருக்கு, பனி கெட்டியாவது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் பனி யாருடையது என்பதில் சண்டை வந்தது. மரங்களுக்குள்ளிருந்து வருவதால் தங்களுடையது என்றார்கள் காட்டிலாகாக்காரர்கள். ஏரியிலிருந்து எழுவதால் ஊருடையது என்றார் ஊர்த்தலைவர். கடைசியில் வேலி ஓரம்வரை காட்டிலாகாவுக்கு, வேலிக்கு அப்பால் ஊருக்கு என்று முடிவாகி, ஒரு போர்டும் வைத்தார்கள். வெயில் பட்டால் பனி இளகும் என்பது ஒரு சோளக்காரர் மூலமாகத் தெரிந்தது. கூட்டம் நன்றாக இருக்கிறதே என்று தள்ளுவண்டியை நடுப்பனியிலேயே நிறுத்தி வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர், சக்கரம் அமுங்குவதைப் பார்த்ததும் வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தார். வண்டி தன் கனலோடும் கம்பியோடும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிப்போக, அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பள்ளத்திலிருந்து சோளம் சுடும் வாசனை எழுந்துவந்துகொண்டே இருந்தது. அன்றுமுதல், கோயில் உச்சிச் சிலுவையில் வெயில் பட்டதும் மணி அடிப்பது என்றும், மணிச்சத்தம் கேட்டால் எல்லோரும் அவரவர் பக்கத்துக்குத் திரும்பிவிடுவது என்றும் பங்குச்சாமியார் ஏற்பாடு செய்தார். இன்னொரு சாமியாராக இருந்தால் இது புதுமை, மாதா செய்த அற்புதம் என்று மேலிடத்துக்கு எழுதிப்போட்டிருப்பார். இவர் மணிக்கயிறு பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அவரவர் பக்கம் என்று சொன்னது ஏனென்றால், பனிக்கு மறுபக்கம் பேரிக்காடு இருந்தது. வெள்ளைக்காரி மேடையிலிருந்து பார்த்தால் அங்கே துணி காய்வதுகூடத் தெரியும். ஆனால் பஸ்ஸில் போவதென்றால் காலையில் புறப்பட்டு, கொண்டைஊசி வளைவுகளில் சமவெளிவரை இறங்கி, அங்கே இன்னொரு பஸ் மாறி, வேறொரு மலையில் ஏறிச் சாயங்காலம்தான் போய்ச்சேர முடியும். பனிமேல் நடந்தால் ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் போய்விடலாம். அதனால் பேரிக்காட்டுப் பிள்ளைகள் விடிகாலையில் பனிமேல் பள்ளிக்கூடம் வந்து, வெயில் தாழ்ந்து பனி மறுபடி இறுகியதும் வீடு திரும்பினார்கள். காய்ச்சல்காரர்களைப் பனிமேல் நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். கல்யாணம் முடிந்த ஒரு பெண் சீர்ப் பாத்திரங்களோடு பனிமேல் நடந்துபோக, மேளக்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டே போனார்கள். மேளச்சத்தம் பனிக்குள் இறங்கி, கீழே ஏதோ ஊர்த் திருவிழாபோல வெகுநேரம் கேட்டது.

சுற்றுலாக்காரர்கள் மறுபடி வந்தார்கள். ஏரியைச் சுற்றினார்கள், சங்கிலி அருவியில் நின்று படம் எடுத்தார்கள், பைன் காட்டில் சறுக்கினார்கள், துரைமார் கல்லறையில் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், விடிகாலையில் குல்லாவும் மப்ளருமாக வெள்ளைக்காரி மேடைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பனிமேல் கால்வைத்துச் சிறுபிள்ளைகள்போலக் கத்தினார்கள். அவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக வழிகாட்டிகள் வேண்டியிருந்தது. இரண்டு ஊரும் பேசிக்கொண்டு, நடுப்பனியில் ஒரு நீலநிற பிளாஸ்டிக் டிரம்மை அடையாளமாக வைத்து, டிரம்வரை துரைக்கொம்பை ஆட்கள், அதற்கப்பால் பேரிக்காட்டு ஆட்கள் என்று பிரித்துக்கொண்டார்கள். துரைக்கொம்பை வழிகாட்டிகளில் எல்லோரும் தேடிவந்தது சந்தியாகுவைத்தான். பேச்சு நன்றாக இருக்கும். பயந்தவர்களின் கையை அவன் பிடித்துக்கொண்டால் பயம் போய்விடும். அவனிடம் ஒரே ஒரு வினோதம்தான் இருந்தது. டிரம்முக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுவான். "இதுக்கு மேல அவங்க கூட்டிப்போவாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே வந்துவிடுவான்.

ஏனென்றால் டிரம்முக்கு அந்தப் பக்கத்தில் அவன் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

பல வருஷங்களுக்கு முன்னால் சந்தியாகு ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் தங்கை அமலோற்பவம், வீட்டில் அமலி, கரையில் வேகவைத்த கடலை விற்பாள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபின் இரண்டுபேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஒரு மே மாதத்தில், கூட்டம் அலைமோதிய நாளில், நாலுபேர் உட்காரும் படகில் சந்தியாகு ஏழுபேரை ஏற்றினான். கரூர்ப்பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த தனபாலன் என்பவர், "ஆளு ஜாஸ்தியா இருக்கே தம்பி, நாங்க அடுத்த போட்ல வர்றோம்" என்று சொன்னபோது, "நீங்க உக்காருங்க சார், இது என்ன கடலா?" என்று சிரித்து, தோளில் கைவைத்து உட்காரவைத்தான். காற்று எழுந்தது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, எல்லோரும் விழுந்தார்கள், தனபாலனைத் தவிர எல்லோரையும் உயிரோடு எடுத்துவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் சந்தியாகு, அந்த ஆள் குடித்திருந்தார், படம் எடுக்கிறேன் என்று எழுந்து நின்றார், சொல்லச் சொல்லக் கேட்கவில்லை என்று சொன்னான். மற்ற படகுக்காரர்களும் ஆமாம் என்றார்கள். பிழைப்பு எல்லோருக்கும் ஒன்றுதானே. கடலைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அமலியைக் கேட்டபோது, அவள் அண்ணனை ஒருதரம் பார்த்தாள்.

"அந்த சார் எந்திரிக்கவே இல்லீங்க. வேணாம்னுதான் சொன்னாரு. எங்க அண்ணன்தான் ஏத்துச்சு" என்றாள்.

சந்தியாகு சிறைக்குப் போனான். திரும்பிவந்தபோது அமலி ரசம் வைத்து, கருவாடு வறுத்து, வாசலில் நின்றிருந்தாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே போய், தன் துணிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஏரிக்கரையில் படகு சாமான் போடும் கொட்டகையில் குடியேறினான். அவள் பேரிக்காட்டு இன்னாசியைக் கட்டிக்கொண்டபோது கோயில் வாசல்வரை போய்விட்டு, பாட்டுச்சத்தம் கேட்டதும் திரும்பிவிட்டான். கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லி, வருஷங்கள் போகப்போக அதுதான் நடந்தது என்று அவனே நம்பிவிட்டான். அவள் காட்டிக்கொடுத்தது என்ன என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, அவனும் நினைத்துப் பார்க்கவில்லை.

பனி கெட்டியானதும் அமலி வந்தாள். ஒரு கூடை பேரிக்காய், ஒரு பிளாஸ்க்கில் கருப்பட்டிக் காப்பி, தலையில் சிவப்பு மப்ளர். டிரம்முக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். விடியும் முன்னே வந்துவிடுவாள், மணியடித்த பிறகும் கடைசி ஆளாகத்தான் எழுந்துபோவாள். சந்தியாகு ஆட்களைக் கூட்டிவந்து விட்டுத் திரும்பும்போதெல்லாம் அவள் குரல் முதுகில் வந்து விழும்.

"அண்ணே, காப்பி குடிச்சுட்டுப் போயேன்."

அவன் நிற்கமாட்டான். அடுத்த நாள், "அண்ணே, உனக்கு இருமல் விடலையா? ஸ்வெட்டர் போடாம வர்றியே" என்பாள். இன்னொரு நாள் ஒன்றும் சொல்லாமல், திரும்பிவரும் சுற்றுலாக்காரர்களிடம் ஒரு பேரிக்காயைக் கொடுத்து, "அந்தா போகுதே, சிவப்புக் குல்லா, எங்க அண்ணன். இதை அதுகிட்ட குடுத்துருங்க" என்று அனுப்புவாள். கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் நன்றி சொல்லி வாங்கி, அவர்கள் தலை மறைந்ததும் அதைக் குதிரைக்குப் போட்டுவிடுவான்.

"ராணி பேரிக்காய் தின்னே கொழுத்துப்போச்சு" என்றார் பீர்முகமது. "ஒருநாள் நீயும் தின்னுதான் பாரேன்டா."

"அது உங்க குதிரைக்கு வந்ததுண்ணே."

இப்படியே மார்கழி முடிந்தது. துரைக்கொம்பையில் எல்லோருக்கும் இது தெரியும். அவர்கள் பனிக்குப் பழகியதுபோல இதற்கும் பழகிவிட்டார்கள். அண்ணன் முகம் திருப்புவதையும் தங்கை கூப்பிடுவதையும் தெரிந்த சில சுற்றுலாக்காரர்கள், அருவியைப் பார்த்தாச்சு, அண்ணன் தங்கச்சியையும் பார்த்துவிடலாம் என்று அதற்கென்றே நின்று பார்த்தார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். அந்த அம்மா சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவன் பக்கத்திலேயே நிதானமாக நடந்தார். பாதிவழியில், "நீங்க முன்னாடி போட் ஓட்டிட்டிருந்தீங்க இல்லையா?" என்று கேட்டார்.

சந்தியாகு நின்றான். அவருடைய முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தான். கரையில் ஈரச்சேலையோடு உட்கார்ந்து, யாரோ கொடுத்த டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்த முகம்.

"நான் தனபாலன் வீட்டுக்காரி" என்றார் அந்த அம்மா. "பயப்படாதீங்க. சண்டை போட வரல. பொண்ணு, அப்பா போன இடத்தைப் பார்க்கணும்னு சொன்னா. ஏரியைப் பார்த்துட்டோம். இங்க உங்க தங்கச்சியைப் பார்க்கத்தான் வந்தோம்."

"அவளை எதுக்கும்மா?"

"எதுக்கா? அவர் வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சவர் இல்ல. போனதுக்கப்புறம் ஊரெல்லாம் குடிச்சுட்டு விழுந்தார்னு பேசினாங்க. எங்க மாமியாரே நம்பிட்டாங்க. உங்க தங்கச்சி சொன்னது வெளிய வந்தப்புறம்தான் எங்களால தலைநிமிர்ந்து நடக்க முடிஞ்சுது. கூடப்பிறந்த அண்ணனை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு அதைச் சொல்லுச்சே, எனக்கா இருந்தா வாய் வந்திருக்காது." கொஞ்சதூரம் நடந்தார். அப்புறம், "நல்லாப் பார்த்துக்கிறீங்களா அவங்களை?" என்றார்.

"பார்த்துக்கிறேம்மா" என்றான் சந்தியாகு.

டிரம்முக்கு முன்னால் வழக்கம்போல நின்றுவிட்டான். அந்த அம்மாவும் மகளும் போய் அமலியின் சாக்கில் உட்கார்ந்தார்கள். மூன்றுபேரும் கைகளைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள், அமலி காப்பி ஊற்றிக்கொடுத்தாள், அந்தப் பெண் எதற்கோ சிரித்தாள். சந்தியாகு அன்றைக்குத்தான் முதல்முறையாக முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டே நின்றான். அமலியின் முன்தலை நரைத்திருந்தது. அது அவனுக்குத் தெரியாது. மார்கழி பூராவும் அவள் அங்கே உட்கார்ந்திருந்தும் அது அவனுக்குத் தெரியாது.

நாளைக்குப் பேசிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பொங்கலுக்கு வந்த கூட்டம் வேறு. இத்தனைபேர் முன்னால் எப்படி என்று விட்டுவிட்டான். அதற்கு மறுநாள் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். அதற்கும் மறுநாள் யாருமே வரவில்லை, பனிமேல் அவனும் அவளும் மட்டும் இருந்தார்கள், அன்றைக்குத்தான் அவனுக்கு மிகவும் பயமாக இருந்தது. முன்பு கோபம் அவனைத் திருப்பிக்கொண்டு வந்தது. இப்போது கோபம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டு அதே வேலையைச் செய்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேரிக்காய் வந்தது, இப்போதெல்லாம் அதைக் குதிரைக்குப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனான். பிறகு ஒருநாள் பேரிக்காய் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அமலி சாக்கில் உட்கார்ந்துதான் இருந்தாள், வியாபாரம் பார்த்தாள், அவன் வரும்போது பார்த்தாள். கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

மாசி பிறந்த ஒரு காலையில் சந்தியாகு துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தான்.

"இன்னைக்கு ஆள் யாரையும் கூட்டிட்டுப் போகலண்ணே" என்றான் பீர்முகமதுவிடம். "நான் மட்டும் போறேன்."

"போடா. போய்ப் பேசு" என்றார் அவர்.

அன்றைக்குக் கால் வைத்ததுமே கணுக்கால்வரை அமுங்கியது. இன்னும் கொஞ்சம் போனதும் முழங்கால்வரை. சந்தியாகு நிற்கவில்லை. டிரம் தூரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. அதற்கு அப்பால் சிவப்பு மப்ளரும் தெரிந்தது. "அமலி" என்று கூப்பிட்டான். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் வாயிலிருந்து வந்தபோது சத்தம் பத்தவில்லை. அவள் எழுந்து நின்று, கையை வீசி எதையோ சொன்னாள். வராதே என்றாளா, வா என்றாளா தெரியவில்லை. சிலுவையில் வெயில் படாமலே கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. கோபுரத்தில் மணியடிக்க நின்ற கோயில்பிள்ளை பனியின் நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டார். சந்தியாகு இடுப்புவரை இறங்கிய பிறகும் முன்னால்தான் போனான். பின்னாலிருந்து வந்த பீர்முகமது, குதிரையைக் கரையோரம் நிறுத்தி, கயிற்றை வீசி, அவன் கக்கத்தில் அது மாட்டியதும் இழுத்து இழுத்துப் பாறைக்குக் கொண்டுவந்து போட்டார். சந்தியாகு திரும்பிப் பார்த்தபோது டிரம் இல்லை. மறுகரையில் இன்னாசி அமலியின் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு பனி எழுந்து நடுவில் மூடிக்கொண்டது, எல்லா ஊர்ப் பனியும்போல.

அன்றோடு பனி பனியாகிவிட்டது. துரைக்கொம்பை அதற்கும் பழகிக்கொண்டது. போர்டை அப்படியே விட்டுவிட்டார்கள். வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பேரிக்காட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த கார்த்திகைக்கு மறுபடி கெட்டியாகும் என்று எல்லோரும் சொன்னார்கள். சந்தியாகு கார்த்திகைவரைகூடக் காத்திருக்காமல், தினமும் விடிகாலையில் மேடைக்குப் போய், விளிம்பில் உட்கார்ந்து, பனிக்குள் ஒரு காலைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து சமவெளிக்குப் போகும் முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு புறப்படும்.

"ஏன்டா, பஸ்ஸு தினம் போகுது" என்றார் பீர்முகமது ஒருநாள்.

"போகுதுதாண்ணே. அவ என்னைத் தேடி நடந்துல்ல வந்தா? நானும் நடந்துபோறதுதான் முறை. பனி வரட்டும்."

பனி வந்தது, கெட்டியாகவில்லை. அடுத்த கார்த்திகை வந்தது, அதற்கடுத்த கார்த்திகையும் வந்தது. ராணி செத்துப்போய் ஏரிக்கு மேலே புதைத்தார்கள். மறுகரையில் துணி காய்வதைப் பார்ப்பதற்குச் சந்தியாகு கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் சுற்றுலாக்காரர் ஒருவர் மேடையில் நின்று எதிரே கைகாட்டி, "அந்த ஊருக்குப் போக வழி இருக்காங்க?" என்று கேட்டார். சந்தியாகு பழக்கதோஷத்தில், "ஏன் இல்லாம சார்? தினமும் பஸ் இருக்கு. காலைல ஏறினா சாயங்காலம் போயிடலாம். ஒண்ணும் கஷ்டமில்ல" என்றான். சொன்ன பிறகு வாயைத் திறந்தபடியே நின்றான். அவர் வேறு ஏதோ கேட்டது அவன் காதில் விழவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினான்.

பேரிக்காடு அவன் நினைத்ததைவிடச் சின்ன ஊராக இருந்தது. ஒரு தெரு, சிலுவை நட்ட ஒரு குருசடி, சரிவெல்லாம் பேரி மரங்கள். வந்த பஸ்ஸே, டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்து, கொஞ்சம் களைப்பாறி எழுந்ததும் கீழே திரும்பிவிடும். அதை விட்டால் மறுநாள்தான். அமலியின் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனான். அவள் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். முறம் மடியில் அப்படியே இருந்தது. அதை இறக்கிவைத்துவிட்டு எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவனை வா போ என்றே கூப்பிட்டவள்.

"உக்காருங்க. பஸ்லயா வந்தீங்க? வளைவுல வாந்தி கீந்தி வந்துச்சா?" நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. வழிதெரியாமல் வரும் யாருக்கும் தண்ணீர் கொடுக்கிற குரல். உள்ளேயிருந்து பள்ளிக்கூட வயதைத் தாண்டிய ஒரு பெண் எட்டிப்பார்த்து, "யாரும்மா?" என்று கேட்டாள்.

மாமா என்று அவள் சொல்வாள் என்று சந்தியாகு காத்திருந்தான்.

"துரைக்கொம்பையிலருந்து வந்திருக்காங்க" என்றாள் அமலி.

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். "ஊரைச் சுத்திப் பார்க்கவா?"

"ஆமாம்மா" என்றான் சந்தியாகு. "சுத்திப் பார்க்கத்தான்."

"டெய்சி, பஸ்ஸு கிளம்புறதுக்குள்ள குளத்தையும் பழைய பங்களாவையும் காட்டிக் கூட்டிட்டு வா" என்றாள் அமலி. டெய்சி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். குளத்தைக் காட்டினாள், துரை ஒருவன் கட்டி முடிக்காமல் போன பங்களாவின் சுவர்களைக் காட்டினாள், இந்த ஊர்ப் பேரிக்காய் எதனால் இனிக்கிறது என்று சொன்னாள். சாய்ந்திருக்கும் ஓர் ஆரஞ்சு மரத்தில் ஏறி ஒரு பழத்தைப் பறித்துக் கொடுத்தாள். முகம் அமலியின் முகம், சிறுவயது அமலி. அவள் காட்டிய எதையும் சந்தியாகு பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். "முன்னாடி பனி கெட்டியா இருந்தப்போ நான் உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டிருந்தேன். அப்புறம் நின்னுட்டேன்" என்றாள் அவள் நடந்துகொண்டே. தினமும் விடிகாலையில் தன்னைக் கடந்துபோன பிள்ளைகளுக்குள் இவளும் இருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பிவந்தபோது கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அமலி ஒரு பை நிறைய பூண்டு கட்டி எடுத்துக்கொண்டு பஸ்வரை வந்தாள். ராத்திரி தங்கிவிட்டுப் போகலாமே என்று அவள் சொல்லவில்லை. அவனாலும் கேட்க முடியவில்லை. படியில் ஒருகாலை வைத்தவன் இறங்கிவந்தான்.

"அமலி. அன்னைக்கு அந்த சார் எந்திரிக்கல. வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் தோள்ல கைவச்சு உக்காரவச்சேன். நீ சொன்னதுதான் நெசம்."

அமலி பையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டே நின்றாள்.

"அது எனக்குத் தெரியுமே" என்றாள். "உங்க வாயால அதைக் கேக்கணும்னுதான் அந்தப் பனியில உக்காந்திருந்தேன். இப்ப..." என்று நிறுத்தினாள். பையை அவன் கையில் கொடுத்தாள். "இப்ப பனியும் இல்ல, எனக்கும் அந்த ஆசை விட்டுப்போச்சு. ஏறுங்க. டிரைவர் பார்க்குறாரு."

சந்தியாகு ஏறினான். பஸ் புறப்பட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தான். அவள் அவசரமில்லாமல் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள், நாளைக்கும் உரிக்க வேண்டிய பூண்டு அவளுக்கு இருந்தது. முதல் வளைவில் தெரு மறைந்தது, அடுத்த வளைவில் மரங்கள் மறைந்தன.

"எங்க போகணும்?" என்று கேட்டார் கண்டக்டர்.

சந்தியாகு பூண்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல், அவன் சொல்வதற்காக நின்றார்.